மூன்று நாளில் முடிகிற தீவு

ஜூன் 14, ஞாயிறு

காலை ஆறு நாற்பது. கப்பலுக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள். ஆள் இரண்டு. என் கணக்கில் அறுபத்தேழு கிலோமீட்டர், மூன்று நாள். இன்னொரு ஆளின் கணக்கில் இருபத்தாறு கிலோமீட்டர், ஐந்து நாள். ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பதற்குப் பெயர் பயணம் இல்லை. மளிகைக் கடைக்குப் போய் வருவது.

நான் கார் பிரேக்குகளைச் சோதிக்கிற பொறியாளன். சோதனை என்றால் தேதி போட்டு எழுதி வைப்பது தொழில் பழக்கம். இதுவும் சோதனைதான், ஆனால் இந்தத் தடவை மேசை மேல் கிடப்பது நான்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண், கோகிலவாணி. மாட்டு டாக்டர், வேலை அந்தியூரில். ஜாதகம் பொருந்திவிட்டது. உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்வதுதான் பாக்கி. அதற்கு முன் பையன் அமெரிக்காவில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். அவள் அண்ணன் அருள்ஜோதி லான்சிங்கில் இருக்கிறார். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். நேற்று கூப்பிட்டார்.

"மாப்ள, சுப்பீரியர் ஏரிக்கு நடுவுல ஒரு தீவு இருக்குதுங்க, ஐல் ராயல்னு. காரு கெடையாது, கடை கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாம ரெண்டு பேரும் ஒரு அஞ்சு நாளு, பைய மாட்டீட்டு, சாவகாசமாப் போயிட்டு வரலாமுங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஏற்கெனவே இரண்டு வீட்டில் என்னை வேண்டாம் என்றாயிற்று. 'பையன் வெடுக்கு வெடுக்குன்னு பேசறான்' என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

கப்பலில் போகிற சீட்டு ஆகஸ்ட் 15க்கு வாங்கியாயிற்று. திரும்புகிற சீட்டில்தான் சண்டை.

பெருந்துறையிலிருந்து அம்மா எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். "நீயும் சும்மா இருக்காத கண்ணு. அவங்க அண்ணன் வூட்டுக்குப் போயி ஒரு வாய் உண்டுட்டு வா. அந்தப் புள்ள, அதான் அவம் பொண்டாட்டி, எப்படிப் பொழங்குதுன்னு பாரு. வூட்டப் பாத்தாத் தெரிஞ்சு போயிரும்."

ஆக அவர் என்னை வேவு பார்க்கிறார், நான் அவரை வேவு பார்க்கிறேன். இதற்கு இரண்டு பேர் கடல் மாதிரி ஒரு ஏரியைத் தாண்டிப் போக வேண்டும்.

ஜூன் 16, செவ்வாய்

தீவில் கைபேசி சிக்னல் கிடையாது என்று படித்தேன். இந்தத் திட்டத்தில் இதுவரை கிடைத்த ஒரே நல்ல செய்தி.

ஜூன் 20, சனி

லான்சிங் போனேன். அருள்ஜோதிக்கு முப்பத்தேழு வயது. ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை. கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். மனைவி ஹேமலதா வீட்டில் இல்லை. "வேலைங்க" என்றார்.

வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும். சுத்தம். சாப்பாட்டு மேசைக்கு இரண்டே நாற்காலி. சுவரில் ஆணி மட்டும், படம் எதுவும் இல்லை. அலமாரியில் ஒரு பக்கம் காலி. நம் ஆட்கள் வீடு மாதிரி சாமான் குடோனாக இல்லை. தேவையில்லாததைத் தூக்கிப் போடத் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். அப்புறம் அவர் பையைக் காட்டினார்.

உள்ளே குக்கர். ஐந்து லிட்டர் குக்கர்.

"இது எதுக்குங்க மச்சான்?"

"அரிசிம்பருப்புச் சாதம் பண்றதுக்குங்க. அங்க ஏரிக்கரையில, சுடச்சுட, நெய்ய ஊத்தி..."

"சுடுதண்ணி ஊத்தினா சோறாகற பாக்கெட் இருக்குது. நூத்தி முப்பது கிராம்."

"அத மனுசன் உண்பானுங்களா மாப்ள?"

வரைபடத்தை விரித்தார். பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம். நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வட்டம். இங்கே என்ன இருக்கிறது என்றேன். "ஒண்ணுமில்லீங்க. உக்காந்துக்கலாம்." அடுத்த வட்டத்தில்? "அங்கயும் உக்காந்துக்கலாம்." ஐந்து நாளும் இந்த மனிதன் உட்காரத்தான் போகிறார். அதற்கு லான்சிங்கில் இரண்டு நாற்காலி இருக்கிறது.

மூன்று நாளில் தீவை மேற்கிலிருந்து கிழக்கு வரை முழுதாகக் கடந்துவிடலாம் என்று அட்டவணையோடு காட்டினேன். வரி வரியாகப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கறீங்க. மூணு நாளுப் பத்தாதுங்களே" என்றார். எதற்குப் பத்தாது என்று கேட்டேன். குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டார்.

சாதம் நன்றாக இருந்தது. அது தீவுக்குக் குக்கர் கொண்டுவருவதற்குக் காரணம் ஆகாது.

ஜூன் 21, ஞாயிறு

அம்மா.

"அந்தப் புள்ளையப் பாத்தியா?"

"வேலைக்குப் போயிருந்தாங்க."

"சனிக்கெழமையா?"

"இங்க சனிக்கிழமையும் வேல செய்வாங்கம்மா."

"நீ செய்யறதில்லையே."

அம்மாவை யாராவது எங்கள் கம்பெனியில் தர ஆய்வுக்கு வைக்கலாம்.

ஜூன் 27, சனி

கோகிலவாணி பேசினாள். ஐந்தாவது தடவை. ஐம்பத்திரண்டு நிமிடம். அதில் நாற்பது நிமிடம் நாடாப்புழு.

நான்தான் ஆரம்பித்தேன். தீவுத் தண்ணீரில் நாடாப்புழு முட்டை இருக்கிறது, மாத்திரை போட்டால் சாகாது, வடிகட்ட வேண்டும் அல்லது கொதிக்க வைக்க வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே உற்சாகம்.

"அங்க ஓநாய் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"மூஸ் மானு?"

"இருக்குது."

"அதானுங்க! ஓநாய் குடல்ல புழு, அது கழிச்ச எடத்துல முட்டை, அத மானு திங்குது, மானு நுரையீரல்ல கட்டி வருது, மூச்சு வாங்கி ஓட முடியாம நிக்குது, ஓநாய் அதப் புடிச்சுத் திங்குது. எவ்வளவு கச்சிதமா இருக்குது பாருங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. இவ்வளவு தெளிவாக ஒரு சுழற்சியை எங்கள் கம்பெனியில் ஒருவனும் விளக்கியதில்லை.

பிறகு தூரம் கேட்டாள். அறுபத்தேழு என்றேன்.

"அண்ணன் இருவத்தாறுன்னாரே?"

"அவருக்கு உக்காரணுமாம்."

"உக்காருங்க, உங்களுக்கு என்ன? எங்கண்ணன் வாயத் தொறக்கறதுக்கே ரெண்டு நாளு ஆகுமுங்க."

"என்கிட்ட நல்லாத்தான பேசறாரு?"

"அது பேச்சுங்களா? சோறு, குக்கரு, தீவு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அஞ்சு நாளாப் போட்டுக்குங்க. எனக்காகன்னு வெச்சுக்குங்க."

திட்டத்தில் 'எனக்காக' என்று ஒரு வரிசை கிடையாது. யோசிக்கிறேன் என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

எடை பார்த்தோம், என் வீட்டில். என் பை ஒன்பது கிலோ. அவர் பை இருபத்தொன்று. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினேன். மடக்கு நாற்காலி: வெளியே. எவர்சில்வர் தட்டு: வெளியே. இஞ்சி, வெங்காயம், கறிவேப்பிலை ஈரத்துணியில் சுற்றியது: வெளியே. பல் துலக்கியின் கைப்பிடியை அறுத்தேன்.

"அது எதுக்குங்க மாப்ள?"

"ஆறு கிராம்."

"பல்லு வெளக்கறதுக்குக் கை நொழைய வேணாமுங்களா?" சிரித்தார். கோபமே வருவதில்லை இந்த ஆளுக்கு. கோபம் வராத ஆட்களை எனக்குப் பிடிக்காது. எங்கே சூடாகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

மருந்துப் பெட்டியில் தூக்க மாத்திரை. எடுத்து வெளியே வைத்தேன். அதை மட்டும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். நாள் முழுக்க நடக்கிற இடத்துக்குத் தூக்க மாத்திரை கொண்டு வருகிறவரை என்ன செய்வது?

கிளம்பும்போது மெதுவாக, "நேரமாச்சுங்களா? இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறனே" என்றார். மூன்று மணிக்கு முடிந்த வேலை. ஏழு மணி வரை இருந்தார். என் சோபாவில் உட்கார்ந்து எனக்குப் புரியாத பேஸ்பால் ஆட்டத்தை அவருக்கும் புரியாமல் பார்த்தார். மனைவி தேடமாட்டாரா என்றேன். "வேலைங்க" என்றார்.

அந்தப் பெண் தூங்குவதே இல்லை போல.

ஜூலை 12, ஞாயிறு

பயிற்சி நடை. பக்கத்துக் காட்டுப் பாதையில் பதினெட்டு கிலோமீட்டர், முழுச் சுமையோடு. நான் முன்னால். ஒவ்வொரு பாதைப் பிரிவிலும் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். ஒரு இடத்தில் நாற்பது நிமிடம். முழங்கால் போய்விட்டதோ என்று திரும்பி நடந்தால், மரக்கட்டையில் உட்கார்ந்து ராஸ்ப்பெரி பறித்துத் தொப்பியில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்குத்தானுங்க பறிச்சேன்."

சாப்பிட்டேன். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

குளத்துக்கரை வந்தபோது பையை இறக்கி வைத்துவிட்டு, "மாப்ள, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். மணி இரண்டரை. அட்டவணைக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருந்தோம்.

"நடந்துக்கிட்டே சொல்லுங்க மச்சான்" என்று கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் தூரமாகிவிட்டது. வண்டிக்கு வந்து சேர்ந்தபின் என்ன விஷயம் என்று கேட்டேன். "பரவால்லீங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அவசரமானதாக இருந்திருந்தால் வேகமாக நடந்திருப்பார்.

ஜூலை 15, புதன்

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மாதமாகியும் அந்தப் புள்ளையை நான் பார்க்கவில்லை, போட்டோகூட இல்லை. இனி பெரியப்பா களத்தில் இறங்குவாராம். அவர் மச்சினன் மகன் யாரோ டெட்ராய்டில் இருக்கிறானாம், அவனை விட்டு விசாரிப்பாராம். இந்த மாதம் முடிவதற்குள் நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் குடும்பத்துக்கு உளவுத்துறை எதற்குத் தனியாக?

ஜூலை 19, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அருள்ஜோதியைக் கூப்பிட்டேன். தீவில் கால் உடைந்தாலோ வேறு ஏதாவது ஆனாலோ யாருக்குத் தகவல் சொல்வது என்று இருவரும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் கோகிலவாணியின் எண்ணைக் கொடுத்தார்.

"மச்சான், அவங்க அந்தியூர்ல மாட்டுக்கு ஊசி போட்டுட்டு இருப்பாங்க. அங்கிருந்து உங்களத் தூக்க வருவாங்களா? உங்க வீட்டுக்காரங்க நம்பரக் குடுங்க."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஹேமா இங்க இல்லீங்க மாப்ள."

"வேலைக்குப் போயிட்டாங்களா?"

"இல்லீங்க. போயிட்டாங்க. போன வருசம் மே மாசம். கோர்ட்டுலயும் முடிஞ்சு போச்சு. சண்டை கிண்டை ஒண்ணுமில்லீங்க. அவங்களுக்கு என்கூட இருக்க முடியல, அவ்வளவுதான்."

நான் அந்த இரண்டு நாற்காலியை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆணிகளை. கண்ணால் பார்த்து, எழுதியும் வைத்து, பாராட்டியும் இருக்கிறேன். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் இப்படி அறிக்கை கொடுத்திருந்தால் அவனை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன்.

"ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"வாணிக்கு மட்டுந்தானுங்க. அப்பாம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊருக்கே தெரியும். அண்ணன் வாழ்க்கை இப்படின்னா தங்கச்சிய யாரு எடுப்பாங்கன்னு பேசுவாங்க. அவ கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அவதான் ஒத்துக்கல. கட்டிக்கப் போறவருக்குச் சொல்லாம உப்புச் சக்கரை மாத்த மாட்டேன்னுட்டா."

"அப்ப ஒரு மாசமா ஏன் சொல்லல?"

"தீவுல சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். மொத ரெண்டு நாளு உங்களப் பழகிக்கிட்டு, மூணாவது நாளு மனசத் தேத்திக்கிட்டு, நாலாவது நாளு சொல்லலாம்னு." மூச்சு விட்டார். "உங்க திட்டத்துல மூணு நாளுதானுங்களே இருந்துச்சு."

நான் ஏதோ சொன்னேன். 'சரிங்க' என்று நினைக்கிறேன். ஒருவர் தன் வாழ்க்கை உடைந்ததைச் சொல்லும்போது 'சரிங்க' என்றிருக்கிறேன்.

ஜூலை 20, திங்கள்

காலணிக்கு மெழுகு போட்டேன். இரண்டு தடவை.

ஜூலை 22, புதன்

யோசித்துப் பார்த்தால் எல்லாமே முட்டாள்தனம். லான்சிங்கில் ஒரு மனிதனின் கல்யாணம் முறிகிறது. அதனால் அந்தியூரில் ஒரு மாட்டு டாக்டர் கல்யாணத்துக்குத் தகுதி இழக்கிறாள். இரண்டுக்கும் நடுவே விசையைக் கடத்துகிற பாகம் எது? ஒரு போல்ட்டைக் காட்டுங்கள். ஊர்வாய் என்ற ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

அருள்ஜோதியும் முட்டாள். பெற்றவர்களுக்கு ஒரு வருடமாக 'அவளுக்கு வேலை' என்று சொல்லிக்கொண்டு, காலி வீட்டில் குக்கர் வைத்து, சத்தத்துக்காக பேஸ்பால் பார்க்கிற ஆள். ஆனால் இரண்டு வருடமாக என்னோடு ஒரே மேசையில் வேலை பார்க்கிற எவனும் எனக்காக ராஸ்ப்பெரி பறித்ததில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் கோபியில் பெண் வீட்டுக்குப் போய்விடும். அவர் அப்பாவுக்கு மகன் சொல்லித் தெரியாமல் தரகர் சொல்லித் தெரியும். கல்யாணமும் நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் பெரியப்பாவின் மச்சினன் மகன் மோப்பம் பிடிப்பான். அப்போது நானும் பொய்யன்.

ஜூலை 25, சனி

கோகிலவாணியை நானே கூப்பிட்டேன்.

"சொல்லிட்டாருங்களா?"

"சொல்லிட்டாரு. நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?"

"அது அவரு கஷ்டமுங்க. அவரு வாயில வந்தாத்தான் மரியாதை."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நின்னுரும்."

"தெரியுமுங்க."

"உங்களுக்குப் பரவால்லையா?"

"பரவால்லைன்னு யாரு சொன்னது?" குரல் மாறியது. "நாடாப்புழுவப் பத்தி நாப்பது நிமிசம் கேட்ட ஆளு வேற எவன் இருக்கான்? ஆனா ஒண்ணு கேக்கறேன், நெசமாச் சொல்லோணும். கல்யாணம் நின்னு போச்சுன்னா, அப்பவும் எங்கண்ணனத் தீவுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

யோசிக்காமல் சொன்னேன்: "சீட்டு வாங்கியாச்சு. கேன்சல் பண்ண முடியாது."

"அதானுங்களா காரணம்?"

"ஆமா."

சிரித்தாள். நான் சொன்னது தொழில்நுட்ப ரீதியாக உண்மை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 31, வெள்ளி

அம்மாவுக்குச் சொன்ன கெடு இன்று. நானே கூப்பிட்டேன்.

"அம்மா, அந்த வீட்டுல ஒரு விஷயம் இருக்குது. எனக்குத் தெரியும். உனக்கு இப்பச் சொல்ல மாட்டேன்."

"என்னடா பீடிகை? பொண்ணுகிட்ட ஏதாச்சுமா?"

"இல்ல."

"அவங்கண்ணன் குடிக்கறானா?"

"இல்லம்மா. யாரும் தப்புப் பண்ணல. நான் சொல்ற விஷயமில்ல அது, அவங்க மொதல்ல சொல்லோணும். ஆகஸ்ட் இருவதுக்கு அப்பறம் நானே உனக்குச் சொல்றேன். அதுவரைக்கும் பெரியப்பாவ நிறுத்து. யாரையாச்சும் விசாரிக்க விட்டா, இனி எனக்குப் பொண்ணே பாக்க வேண்டாம்."

அங்கே டிவி சத்தம் நின்றது. எனக்காக அம்மா சீரியலை அணைத்து நான் கேட்டதே இல்லை.

"உனக்கு அந்த டாக்டர் புள்ளையப் புடிச்சுப் போச்சா கண்ணு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அருள்ஜோதி காலையில் கூப்பிட்டார். தீவு வேண்டாமாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றாம், இனி எதற்கு என்னைச் சிரமப்படுத்துவது என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டு லான்சிங்குக்கு வண்டியை விட்டேன்.

முதலில் கத்தினேன். இப்போதே கோபிக்குக் கூப்பிடுங்கள், அப்பாவிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை என்றேன். கைபேசியை எடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரை அணைந்தது. மறுபடி தொட்டார், மறுபடி அணைந்தது.

இன்னொரு தடவை கத்த வாயைத் திறந்தேன். பிரேக் சோதனையில் ஒரு விதி உண்டு. புதுப் பிரேக்கை முதல் அடியிலேயே முழு வேகத்தில் மிதிக்கக் கூடாது. மெதுவாக, பல தடவை மிதித்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை கருகிவிடும். இதைத் தினம் செய்கிறேன், சம்பளம் வாங்குகிறேன்.

கைபேசியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வரைபடத்தை விரித்தேன். அறுபத்தேழை அடித்துவிட்டு இருபத்தாறு என்று எழுதினேன். ஐந்து நாள். திரும்புகிற சீட்டு ஆகஸ்ட் 20.

"நாலாவது நாளு என்னுங்க பண்றது? அதான் எல்லாம் சொல்லியாச்சே" என்றார்.

"நாலாவது நாளு ஒத்திகை. நாந்தான் உங்கப்பா. நீங்க என்கிட்டச் சொல்றீங்க. நான் கத்தறேன். நீங்க பாதியில நிக்காமச் சொல்லி முடிக்கறீங்க. நடுவுல நின்னா திரும்ப மொதல்ல இருந்து."

வரைபடத்தில் நாலாவது வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"எங்கப்பா உங்க அளவுக்கெல்லாம் கத்த மாட்டாருங்க மாப்ள."

"அப்பப் பிரச்சினையே இல்ல. அதிகச் சுமையில தாங்கினா சாதாரணச் சுமையில தாங்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரன் புல்லை மிக மோசமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திரும்புகிற சீட்டு இரண்டு, ஆகஸ்ட் 20க்கு. இன்றே.

2. கோகிலவாணியிடம் அவள் அப்பா கோபம் வந்தால் என்னென்ன சொல்வார் என்று கேட்க வேண்டும். ஒத்திகை அசல் மாதிரி இருக்க வேண்டும். இது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

3. தீவில் அவர் முன்னால், நான் பின்னால். வாழ்க்கையில் செய்ததில்லை. அடுத்த சனிக்கிழமை பழகிப் பார்க்க வேண்டும்.

4. அவர் 'ஒண்ணு சொல்லோணும்' என்றால் பையை இறக்கி வைக்க வேண்டும்.

5. கப்பல் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு அவருடையது, கோபிக்கு. அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பது, குறுக்கே பேசாமல். இரண்டாவது அழைப்பு என்னுடையது, பெருந்துறைக்கு.

6. அம்மா முடியாது என்றால் ஊருக்குப் போய் அவள் எதிரில் உட்கார வேண்டும். எத்தனை நாள் என்று இப்போது போட முடியவில்லை.